கூரை ஏறாத பல்லு

கொடு தாயி, பிள்ளைய இப்படிக் கொடு. எவ்வளவு நேரந்தான் நீயும் மடியிலயே வெச்சுக்கிட்டு இருப்ப, கை மரத்துப் போயிரும். அழ மாட்டான். என்கிட்ட எந்தப் பிள்ளையும் அழுததில்ல. வாடா ராசா, வா. ஏன் சட்டைப் பட்டனக் கழத்துறேன்னு முழிக்காத, ஒண்ணும் பண்ணிற மாட்டேன். கழுத்துக்குக் கீழ தடவிப் பாக்குறேன், அவ்வளவுதான். இந்தா, இந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கமும் இருக்கு. ரெண்டு எலும்பும் முழுசா, கம்பி கணக்கா இருக்கு. உங்க வீட்டுக்கு நல்லதுதான். எங்க வீட்டுல பொறந்திருந்தான்னா கொஞ்சம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்போம்.

உன் மாமியாருக்குத் தாடையில கட்டின்னு சொன்னேல்ல? வந்துருவாங்க. உள்ள போனவங்க எல்லாரும் வந்துக்கிட்டுத்தான இருக்காங்க. எங்க பிள்ளையும் உள்ளதான் இருக்கா. தாரணி. என் தம்பி மக. ஏழாவது படிக்கிறா. காலையில பச்சை அங்கியை மாட்டிவிட்டுத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. பயமா? எனக்கா? எனக்கென்ன பயம். அந்தா, ஜன்னலோரமா நின்னு விபூதிப் பொட்டலத்தக் கசக்கிக்கிட்டு இருக்காளே, அவதான் பிள்ளையோட அம்மா, வளர்மதி. பயமெல்லாம் அவளுக்கு. என் தம்பி கீழ மருந்து வாங்கப் போயிருக்கான். நான் தெம்பாத்தான் இருக்கேன். பேசிக்கிட்டு இருந்தா உனக்கும் துணையா இருக்குமேன்னு பேசுறேன்.

முந்தானைய வாயில பொத்திக்கிட்டே பேசுறாளேன்னு நினைக்காத. ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது. வேற ஒண்ணும் இல்ல.

நமக்குச் சாத்தூரு. பஸ் ஸ்டாண்டுல இறங்கி சண்முகத்தாய் சேவுக்கடைன்னு கேளு, கண்ண மூடிக்கிட்டுக் கை காட்டுவாங்க. சண்முகத்தாய்ன்னா நான்தான். தம்பி காளிராஜு மாவு பிசைவான், சரக்கு கட்டுவான். அடுப்புல நின்னு ஓட்டைக் கரண்டியில மாவ வெச்சுச் சேவு தேய்க்கிறது நானு. தோள்ல எலும்பு இல்லாதவ தேய்க்கிற தேய்ப்ப ஒரு நாள் வந்து பாரு.

ஆமா, எலும்பு இல்ல. உன் பிள்ளைக்கு இப்பத் தடவினேன்ல, கழுத்துக்குக் கீழ இருந்து தோளுக்குப் போற எலும்பு, அது எங்களுக்குக் கிடையாது. எங்க அப்பாவுக்குக் கிடையாது, எனக்கு, தம்பிக்கு, தாரணிக்குக் கிடையாது. ரெண்டு தோளையும் முன்னால கொண்டாந்து தாடைக்குக் கீழ ஒட்ட வெச்சிருவோம். வேணாம், இங்க செஞ்சு காட்ட மாட்டேன், நாலு பேரு பாக்குறாங்க. எங்க குலசாமி மலையில ஒரு பாறை இடுக்குக்குள்ள இருக்கு. சாதாரண ஆளு உள்ள போக முடியாது, தோள் இடிக்கும். தோள மடக்குறவங்கதான் போயி விளக்குப் போடணும். அதுக்காகத்தான் சாமியே அந்த எலும்ப எங்க வம்சத்துல இருந்து எடுத்துக்கிருச்சு. இதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது. வளர்மதிக்கே இன்னும் புரியல.

தாரணி பொறந்தப்ப நான்தான் முதல்ல தடவிப் பாத்தேன். எங்க வீட்டுல அதான் முறை, அத்தைக்காரிதான் பாக்கணும். ரெண்டு பக்கமும் எலும்பு இல்ல. எனக்கு வந்துச்சு பாரு ஒரு சந்தோசம், வார்டு பூராம் கற்கண்டு கொடுத்தேன். இவ என்னடான்னா கட்டில்ல படுத்துக்கிட்டு ஓன்னு அழுகுறா. 'மதினி, பிள்ளைக்கு எலும்பு இல்லைன்னு கற்கண்டு கொடுக்கிறீங்களே, நீங்க மனுசிதானா'ன்னு கேட்டா. மிச்சக் கற்கண்டையும் கொடுத்து முடிச்சேன். வெளியூர்க்காரி, சொன்னா விளங்காதுன்னு விட்டுட்டேன்.

அந்த எலும்போட சேத்து இன்னொண்ணும் உண்டு. எங்களுக்குப் பால் பல்லு விழாது.

சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். உன் பிள்ளைக்கு ஆறு ஏழு வயசுல ஒவ்வொண்ணா ஆடி விழும், நீயும் சாணி உருண்டையில வெச்சுக் கூரை மேல எறியச் சொல்லுவ. எங்க தெருவுல எல்லா வீட்டுக் கூரையிலயும் பல்லு கிடக்கும். எங்க வீட்டுக் கூரையில ஒண்ணு கிடையாது. மத்ததுக எறியுறப்ப நானும் தம்பியும் பக்கத்துல நின்னு கை தட்டுவோம். எங்க அப்பா, 'நம்ம பல்லு வீட்ட விட்டுப் போகாதுடா'ம்பாரு. பெருமையாத்தான் சொல்லுவாரு. அவரு சாகுறப்பவும் வாயில அதே பால் பல்லுதான், தேஞ்சு தேஞ்சு ஈறோட ஈறாக் கிடந்துச்சு.

என் பல்லா? இது செட்டு. மேலயும் கீழயும் முன்பக்கம் செட்டுதான். சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம், ஊருக்கே தெரியும்.

இது எனக்குக் கல்யாணப் பேச்சு வந்த நேரத்துல நடந்தது. கோவில்பட்டியில இருந்து பாக்க வந்தாங்க. காப்பி கொடுத்தேன், என்னமோ கேட்டாங்க, சிரிச்சேன். மாப்பிள்ளையோட அக்காக்காரி எங்க அம்மா காதுல, 'ஏங்க, பிள்ளைக்கு இன்னும் பல்லே விழலையா, பச்சப் பிள்ளையவா கட்டிக் கொடுக்கப் போறீங்க'ன்னு கேட்டிருக்கா. அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலமே எங்க அம்மா என்னையப் பஜார்ல ஒரு பல்லு டாக்டர்ட்ட இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அந்த ஆளு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. 'பால் பல்லு எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதும்மா, எடுத்து விட்டா தைக்குள்ள புதுசு தன்னால முளைச்சு வந்துரும்'னாரு. முன்னால இருந்தது பூராத்தையும் எடுத்துட்டாரு.

தை வந்துச்சு. பல்லு வரல. அடுத்த தையும் வந்துச்சு. காலையில எந்திரிச்சதும் விரல விட்டு ஈறத் தடவிப் பாப்பேன், இன்னைக்கு எதாச்சும் குத்துதான்னு. எங்க அம்மா வாசல் தெளிச்சுக்கிட்டே 'வந்துச்சாடி'ன்னு கேக்கும். நான் 'இல்லம்மா'ன்னு சொல்லுவேன். அப்புறம் அதுவும் கேக்கிறத விட்டுருச்சு, நானும் தடவுறத விட்டுட்டேன். கோவில்பட்டிக்காரங்க வேற எடத்துல முடிச்சுக்கிட்டாங்க.

நான் கவலப்பட்டேன்னு நினைக்காத தாயி. ஒரு நாள் ஒரு பொழுது நான் அதுக்காக அழுததில்ல. அந்த மாப்பிள்ளை இப்பவும் நம்ம கடைக்கு வந்து சேவு வாங்கிக்கிட்டுத்தான் போறாரு. தலையில ஒரு முடி கிடையாது, வழிச்சுவிட்ட மாதிரி இருக்கு. நான் எதாச்சும் கேட்டேனா? நூறு கிராம்னா நூறு நிறுத்துப் போட்டு அனுப்பி வைப்பேன். கை ஒரு நாளும் கூடப் போடாது.

கேக்கணும்னு நினைக்கிற, கேட்டுரு. நான் போடுற சேவ நான் கடிச்சதில்ல. செட்டுல கடிச்சா செட்டு தூக்கிக்கிரும். டீயில ஊற வெச்சு ஸ்பூனால எடுத்துத் திம்பேன். அதுதான் ருசி. கடக்கு முடக்குன்னு கடிக்கிறவங்களுக்குச் சேவோட ருசி என்ன தெரியும்?

சரி, பிள்ளை கதைக்கு வாரேன். தாரணிக்கும் பல்லு விழல. கூடப் படிக்கிறதுகளுக்கெல்லாம் முன்பல்லு பெருசு பெருசா வந்துருச்சு, இவளுக்கு அரிசி மாதிரி அதே பல்லுதான். பள்ளிக்கூடத்துல போட்டோ எடுத்தப்ப வாயில கைய வெச்சுக்கிட்டு நின்னா. வளர்மதி அந்தப் போட்டோவப் பாத்துட்டு ரெண்டு நாள் சோறு திங்கல. நான் சொன்னேன், பொம்பளப் பிள்ளை வாயப் பொத்திச் சிரிச்சா அது அடக்கந்தானடி, இதுக்கா சோத்த விட்டன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. இப்பவும் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது.

போன வருசம் ஆடியில கன்னம் வீங்கிருச்சு. ஒரு பால் பல்லு சொத்தையாயி வேரு வரைக்கும் போயிருச்சு. நான் அடுப்புல எண்ணெய் காய வெச்சு நிக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, உங்க தம்பி பொண்டாட்டி பிள்ளையப் பல்லு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறா, எல்லாப் பல்லையும் பிடுங்கப் போறாங்களாம்னு சொன்னா. சேவுக் கரண்டிய எடுத்த கையோட போனேன் தாயி. போட்டது போட்டபடி. பிள்ளைய நாற்காலியில சாய்ச்சு வெச்சிருக்கான். இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், டாக்டராம். 'அம்மா, பால் பல்லு எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு, எடுத்துட்டா தன்னால முளைச்சிரும்'ங்கிறான். அச்சு மாறாம அதே பேச்சு!

நான் முந்தானையால மூடிக்கிட்டு என் செட்டக் கழத்தினேன். அவன் ஊசி வெச்சிருந்த தட்டுல வெச்சேன். 'தம்பி, எனக்கும் இதையேதான் சொன்னாங்க. எனக்கு முளைச்சது இதுதான். என் பிள்ளைக்கும் இதத்தான் தரப் போறியா'ன்னு கேட்டேன். கையுறையக் கழத்திட்டான். சொத்தைக்கு மட்டும் மருந்து வெச்சு அனுப்பினான். பிள்ளையத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

செஞ்சது சரியா தப்பா, நீயே சொல்லு. சரிதான? அதத்தான் பின்னால இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் சொன்னாங்க, 'நல்லவேளை நிப்பாட்டினீங்க'ன்னு. அத வளர்மதி முன்னாலயே சொன்னாங்க. அவ காதுல விழாத மாதிரி நின்னா.

அதோட விட்டாளா? எனக்குத் தெரியாம மதுரைக்கு, இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரத் திட்டம் போட்டா. தம்பி வாயி பொறுக்காம என்கிட்ட உளறிட்டான். சரி போகட்டும், நானும் வாரேன்னு பஸ்ஸுல முதல் ஆளா ஏறி உக்காந்துக்கிட்டேன். ஒருத்தன் பிள்ளை வாயில கைய வைக்கட்டும், பாத்துக்கிறேன்னு வந்தேன்.

இங்க ரெஹானான்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், சத்தமே வராமப் பேசுவாங்க. பிள்ளை வாயத் திறக்கச் சொன்னாங்க, பாத்தாங்க. அப்புறம் வாய விட்டுட்டுக் கழுத்துக்குக் கீழ தடவுறாங்க! நான் உன் பிள்ளைக்குத் தடவினேன்ல, அதே மாதிரி, அதே எடத்துல. எனக்குப் பொறுக்கல. 'பல்லு டாக்டருக்குத் தோள்ல என்னம்மா வேலை, அது எங்க வீட்டு விசயம்'னேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, 'தாரணி, ரெண்டு தோளையும் முன்னாடி சேத்துக் காட்டு'ங்கிறாங்க. பிள்ளையும் சேத்துக் காட்டுது. எங்க குலசாமி சங்கதி இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நான் பிள்ளைய என் பக்கம் இழுத்துக்கிட்டேன்.

'இது ஒரு எலும்புக் குறைபாடும்மா. குடும்பத்துல வழிவழியா வரும். அபூர்வமா வர்றது, ஆனா உலகம் பூராம் அங்கங்க இருக்கு'ன்னாங்க. என்னமோ ஒரு பேரு சொன்னாங்க, வாயில நுழையல. நான் சொன்னேன், எங்க வீட்டு அடையாளத்துக்கு நீங்க என்னம்மா பேரு வைக்கிறதுன்னு. உலகம் பூராம் இருக்காங்கன்னா அவங்களும் எங்க பங்காளிகதான், எந்தக் காலத்துலயோ பொழைக்கப் போயிருப்பாங்கன்னேன். டாக்டரம்மா அதையும் தாள்ல எழுதிக்கிட்டாங்க. எழுதித்தான ஆகணும்.

அப்புறம் பிள்ளைத் தலையச் சுத்தி ஒரு மிஷின் ஓடுச்சு, படம் எடுத்தாங்க. அதக் காட்டித்தான் விளக்கினாங்க. எங்க மாதிரி ஆளுகளுக்கு நெசப் பல்லு உள்ளதான் இருக்குமாம். ஆனா அதுக்கு மேல வேண்டாத பல்லுக கூட்டமா வழிய மறிச்சுக்கிட்டு நிக்குமாம். எலும்பும் வழி விடாதாம். அதனால பால் பல்ல மட்டும் பிடுங்கிட்டு உக்காந்திருந்தா ஒண்ணும் வராது. மயக்கம் கொடுத்து ஈறத் திறந்து, வேண்டாததையெல்லாம் எடுத்து, உள்ள இருக்கிற நெசப் பல்லுல சின்னதா ஒரு சங்கிலி ஒட்டி, கம்பி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். வருசக்கணக்காகும். 'வேரு முத்துறதுக்குள்ள செய்யணும். இந்த வயசுதான் தோது. தள்ளிப் போடாதீங்க'ன்னாங்க.

நான் முடியாதுன்னுட்டேன்.

வாயத் திறந்து வெச்சுக் கத்தியப் போடுறதாவது! அன்னைக்கு ஒருத்தன் எடுத்தா வரும்னான், இன்னைக்கு இவங்க எடுத்து இழுத்தா வரும்ங்கிறாங்க. தம்பி என் மூஞ்சியப் பாத்தான். அவன் எப்பவும் அப்படித்தான், அக்கா சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவான். வளர்மதி அந்த வராண்டாவுலயே என் கால்ல விழுந்தா. எந்திரிடி, ஊரு பாக்குதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் படியிறங்கிட்டேன்.

அதுல இருந்து அவ என்கிட்டப் பேசல. தீபாவளி வந்துச்சு. தீபாவளின்னா சாத்தூருல எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால ரெண்டு பொம்பளைக நிக்கிறோம், ஒரு வார்த்தை இல்ல. கரண்டி வேணும்னா கைய நீட்டுவா. அவ்வளவுதான். நானும் இறங்கிப் போகல. எதுக்குப் போகணும்? பிள்ளையக் காப்பாத்துறது நானு, கோவம் அவளுக்கா?

அப்புறம் என்ன ஆச்சுன்னா... பொறு, அந்தக் கதவு திறந்துச்சா? இல்ல, யாரோ பக்கெட்டக் கொண்டு போறாங்க. எவ்வளவு நேரமாச்சு பாரு. சரி விடு, ஆகட்டும். நான் ஒண்ணும் பதறல. பிள்ளை தூங்கிட்டானா? தூங்கட்டும், என் மேலயே கிடக்கட்டும்.

அப்புறம் கார்த்திகையில ஒரு நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கடையில உக்காந்திருக்கு. எப்பவும் புதுச் சேவு ஒரு கை அள்ளிக் கொடுப்பேன், ஓரப் பல்லால கொறிச்சு, அத்த காரம் போதும், உப்புப் போதும்னு சொல்லும். சேவு பதம் பாக்குறது அவதான். அன்னைக்குப் பாக்குறேன், டம்ளர்ல டீய ஊத்தி, சேவ அதுல போட்டு, ஊற வெச்சு, ஸ்பூனால எடுத்துத் தின்னுக்கிட்டு இருக்கா. என்னைய மாதிரியே. டம்ளரப் பிடிக்கிறதுகூட என்னைய மாதிரியே. எனக்குப் பெருமையா இருந்துச்சு தாயி. பாருடா காளி, அத்தைய அச்சடிச்ச மாதிரி இருக்காடான்னேன்.

பிள்ளை என்னைய நிமிந்து பாத்து, சாதாரணமாக் கேட்டுச்சு. 'அத்த, எனக்கும் செட்டுப் பல்லு எப்ப வாங்கித் தருவீங்க?'

சிலேட்டு எப்ப வாங்கித் தருவீங்கன்னு கேக்கிற மாதிரி கேட்டுச்சு.

எனக்குக் கோவம் வந்துச்சு. அப்படி ஒரு கோவம், யாரு மேலன்னு தெரியல. அடுப்ப அணைச்சேன். வியாபார நேரம், ஆளுக நிக்கிறாங்க, கடைச் சட்டரை இழுத்து விட்டேன். மறுநாள் காலையில மூணு பேரையும் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்தேன். டாக்டரம்மாகிட்டச் சண்டை போடத்தான் வந்தேன். 'பல்லு வரும்னு சொல்றீங்களே, என்ன கியாரண்டி? எனக்கும் வரும்னுதான் சொன்னாங்க. எத்தனை தை போயிருச்சு தெரியுமா'ன்னு மேசையத் தட்டிக் கேட்டேன். வெளிய நின்னவங்க எட்டிப் பாத்தாங்க, பாக்கட்டும்னு கேட்டேன்.

டாக்டரம்மா சத்தம் போடல. 'கியாரண்டி தர மாட்டேன்மா. எல்லாப் பல்லும் வரும்னு சொல்ல மாட்டேன். சும்மா விட்டா வராதுன்னு மட்டும் சொல்லுவேன்'னாங்க. அப்புறம் கேட்டாங்க, 'உங்களுக்கு எப்பவாச்சும் படம் எடுத்துப் பாத்திருக்கீங்களா?'

எனக்கு என்னத்துக்குப் படம், இல்லாத பல்லுக்குன்னேன். வாங்கன்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி அந்த மிஷின்ல நிக்க வெச்சுட்டாங்க. தலையச் சுத்தி ஓடுச்சு. வந்து உக்காந்தேன். டிவி மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுல படம் வந்துச்சு.

தாயி, அம்புட்டும் உள்ளதான் இருக்கு.

என் பல்லு. மேல வரிசை, கீழ வரிசை. ஒண்ணு படுத்துக் கிடக்கு, ஒண்ணு சாஞ்சு நிக்கு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுத் திருவிழாப் பஸ்ஸு கணக்கா இருக்கு. ஆனா அம்புட்டும் இருக்கு. டாக்டரம்மா பென்சில வெச்சு ஒவ்வொண்ணாக் காட்டுனாங்க. 'இதான்மா உங்க முன்பல்லு. இது கோரைப் பல்லு. ஒண்ணுமே தொலையல'ன்னாங்க. எங்க அம்மா தெளிச்ச வாசலும் அந்த 'வந்துச்சாடி'யும் எனக்கு அப்பக் காதுல கேட்டுச்சு. இருந்திருக்கும்மா, எல்லாம் இருந்திருக்கு, வழிதான் இல்லைன்னு சொல்லணும் போல இருந்துச்சு. யாருகிட்டச் சொல்றது, அது செத்து எத்தனையோ வருசமாச்சு. கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு வளர்மதி சொல்லிக்கிட்டுத் திரியுறா. அந்த மிஷின் வெளிச்சம் அப்படி.

'என்னோடதையும் இழுங்க'ன்னேன். டாக்டரம்மா முடியாதுன்னு தலையாட்டுனாங்க. 'உங்களுக்கு வேரெல்லாம் முத்தி எலும்போட இறுகிருச்சும்மா. இந்த வயசுல இறக்குறது முடியாது. தொந்தரவு கொடுக்காதவரைக்கும் இருக்கட்டும், வருசம் ஒருக்க வந்து படம் எடுத்துப் பாத்துக்குவோம். அப்பவே, தாரணி வயசுல வந்திருந்தா...'ன்னு சொல்ல வந்து நிப்பாட்டிட்டாங்க.

நான் திரும்பித் தம்பியப் பாத்தேன். 'என்னடா மரம் மாதிரி நிக்கிற? போடுடா கையெழுத்த. இத்தனை நாளா எதுக்குத் தள்ளிப் போட்டீங்க ரெண்டு பேரும்'னு கேட்டேன். வளர்மதி வாயப் பிளந்துக்கிட்டு நிக்கிறா. நெசமாத்தான் சொல்றேன், நான் மட்டும் அன்னைக்குச் சத்தம் போடலைன்னா இந்த ஆபரேசன் நடந்திருக்காது. இதுக யோசிச்சுக்கிட்டே இருந்திருக்கும். ஒரு வீட்டுல ஒருத்தராச்சும் துணிஞ்சு முடிவெடுக்கணும்ல.

அந்தப் படம் இந்தா இந்தப் பையிலதான் இருக்கு. கடையில கல்லாவுக்கு மேல மாட்டப் போறேன், சாமி படத்துக்குப் பக்கத்துல. கோவில்பட்டிக்காரரு சேவு வாங்க வருவாருல்ல, பாக்கட்டும். பல்லு இல்லாதவன்னு சொன்ன வாய் அத்தனையும் வந்து பாக்கட்டும். எனக்கு இருக்கு. எவனுக்கும் இல்லாத அளவுக்கு, கூடவே இருக்கு.

அய்யோ, கதவு. தாரணின்னுதான கூப்பிடுறாங்க? பிள்ளையப் பிடி தாயி, பிடி, தலையப் பாத்துப் பிடி. ஏ வளர்மதி! என்ன அங்கயே நிக்கிற, வாடி! இந்தா நாங்கதாம்மா, நாங்கதான் தாரணி வீட்டு ஆளுக.

அத்த வந்துருக்கேன்டி. பேசாத, பேசாத. வாயெல்லாம் பஞ்சு வெச்சிருக்காங்க, தையல் போட்டிருக்காங்க. கண்ணத் திறந்தாப் போதும். மூஞ்சி வீங்கித்தான் இருக்கும், பயப்படாத, அம்மாவும் இந்தா இருக்கா. வலிக்குதாடி? எப்படி இருக்குன்னு கைய மட்டும் ஆட்டுடி, அத்தைக்குத் தெரியணும்.

ஏத்தா, பாத்தியா? நீ பாத்தேல்ல? படுத்த வாக்குல ரெண்டு தோளையும் கொண்டாந்து சேத்துட்டா! பேச முடியலைன்னதும் தோளச் சேத்துக் காட்டுறா பாரு, எங்க அப்பா கணக்கா. நல்லா இருக்காளாம். நல்லா இருக்கேன்னு சொல்றா. நான் பெத்த... இல்ல, நீ பெத்ததுதான் வளர்மதி, நீ பெத்ததுதான், அழாதடி. இந்தா என் கையப் பிடிச்சுக்க.

நர்சம்மா, நில்லுங்க. பல்லு எங்க? என்னது, குப்பைக்கா? யாரக் கேட்டுக் குப்பைக்கு? நேத்தே டாக்டரம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், போயிக் கேளுங்க. வேண்டாத பல்ல நீங்களே வெச்சுப் படிச்சுக்கங்க, பால் பல்லு எங்களுக்கு வேணும். எடுத்துட்டு வாங்க, நான் நகர மாட்டேன். ஆங், அந்த டப்பாதான். கொடுங்க.

இந்தா பாரு தாயி, எத்தனூண்டு இருக்கு. எங்க வீட்டுல இப்ப ஓட்டக் காணோம், மாடி ஆயிருச்சு. கடைக்கு மேல தகரம் போட்டிருக்கோம். சாணி உருண்டையெல்லாம் கிடையாது, வெறும் பல்லத்தான் எறியச் சொல்லப் போறேன். தகரத்துல விழுற சத்தம் பஜார் பூராம் கேக்கணும். சண்முகத்தாய் வீட்டுக் கூரையிலயும் பல்லு விழுந்துச்சுன்னு கேக்கணும்.

என்ன? என்னத்தக் காட்டுற? முந்தானையா? கீழ விழுந்து தரையில இழுபடுதா? கிடக்கட்டும் தாயி. ஒரு கையில டப்பா இருக்கு, ஒரு கையில இவ இருக்கா, நான் எதக்கொண்டு பிடிக்க. வாடையெல்லாம் இப்ப ஒண்ணும் அடிக்கல.